பீங்கான் சுவரில் என் நைனா

என் மூக்கை ஒருவர் காம்பஸ் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

நான் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் சித்தப்பா, அந்தப் பக்கம் அத்தை. ராயபுரம் மீன் மார்க்கெட்டில் காலை வியாபாரம் ஓய்ந்து, கழுவிவிட்ட தரை பாதி காய்ந்திருந்தது. எங்களைச் சுற்றி நல்ல கூட்டம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட மூக்கை அளப்பதில்லையே என்று ஒரு கூடைக்காரி சொன்னாள். கூட்டம் சிரித்தது. அளந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் அசையாம இருங்க டீச்சர். இப்போதைக்கு இது உங்க மூக்கு இல்ல, உங்க அப்பாவோட மூக்கு."

எனக்குச் சும்மா உட்கார வராது. போன வாரம் இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடத்து மணியைப் பற்றி எழுதும்போதே இதைச் சொல்லிவிட்டேன். கார்ப்பரேஷன் பள்ளியில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் நான் உட்கார்ந்ததைவிடப் பள்ளிக்கூடத்துப் பூனை உட்கார்ந்தது அதிகம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள்.

அப்படிப்பட்டவளை அந்தப் பெட்டி மேல் உட்கார வைத்தது ஒரே ஒரு ஆசைதான். என் நைனாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நான் தூளியில் கிடந்தபோதே அவர் கடலோடு போய்விட்டார். இப்போது அவர் முகத்தை மார்க்கெட் சுவரில் பீங்கானில் பதிக்கப் போகிறார்கள் என்றார்கள். மூக்கென்ன, தலையைக் கழற்றிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

சுவருக்கு நாலு பேர்

அந்த நாட்களில் மார்க்கெட்டுக்குப் புதிதாக ஒரு முன்சுவர் எழுப்பினார்கள். வீதிக்கும் மீன்காரிகளுக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு மேல், தனியாக நிற்கும் சுவர். வெள்ளை அடித்த கையோடு அதில் நாடக நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்தார்கள். நோட்டீஸ் ஒட்டாத இடத்தில் வெற்றிலை துப்பினார்கள்.

கருவாட்டு மண்டி ஞானமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. அவர்தான் ஊர் நலச் சபையின் தலைவர். சுவருக்கு நிலம் விட்டவரும் அவரே. வியாபாரமாக எங்கோ போயிருந்தபோது ஒரு ஸ்டேஷன் சுவரில் பீங்கான் கற்களைச் சேர்த்து ஒரு ராஜாவின் படம் செய்திருந்ததைப் பார்த்திருக்கிறார். நம் ஊருக்கு உழைத்தவர்களை நாமும் அப்படி வைத்தால் என்ன என்று சபையில் கேட்டார். எங்கள் ஊர் உப்புக் காற்றில் எந்த வர்ணமும் இரண்டு மழைக்காலம் தாங்காது. பீங்கான் என்றால் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

நாலு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதி ராயபுரத்துக்குப் பிரசவம் பார்த்த ஒரு டாக்டரம்மா. சிலம்பமும் குஸ்தியும் சொல்லிக்கொடுத்த ஒரு வஸ்தாது. நிலம் கொடுத்த வள்ளல் என்று தலைவரே. நாலாவதாக, என் நைனா, கட்டுமரக்காரர் கோவிந்தன்.

உயிரோடு இருக்கிறவருக்கு எதற்குச் சுவர் என்று சிலர் முணுமுணுத்தார்கள். தலைவர் காதில் விழவில்லை. வஸ்தாதின் வீட்டார் முகம் மட்டும் போதாது, முழு உடம்பும் வேண்டும் என்று சண்டைக்கு வந்தார்கள். "எங்க தாத்தா மூஞ்சியாலயா குஸ்தி போட்டாரு" என்று கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. இடுப்பு வரை என்று சமாதானம் ஆயிற்று.

பீங்கான் வேலை திருவொற்றியூருக்கு அப்பால் இருந்த ஒரு சட்டி பீங்கான் தொழிற்சாலைக்குப் போயிற்று. அங்கே முக்கியமாகச் செய்தது சாக்கடைக் குழாயும் ஊறுகாய் ஜாடியும்தான். இதைக் கேள்விப்பட்டதும், மார்க்கெட் எதிரில் மீன் விற்கும் அம்மா கூடையில் இருந்த சங்கரா மீனைப் புரட்டிப் போட்டபடி, "கக்கூசு கொயா செய்றவங்களா என் புருசனைச் செய்யப் போறாங்க" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சில் அவள் கலந்துகொள்ளவே இல்லை.

படம் இல்லாத மனிதர்

மற்ற மூவருக்கும் போட்டோ இருந்தது. நைனாவுக்கு இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் குப்பத்தில் உயிரோடு இருக்கும்போது யாரும் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆயுசு குறையும் என்று பயம். செத்த பிறகுதான் போட்டோக்காரரைக் கூப்பிடுவார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணைத் திறந்து வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று ஒரு படம். எங்கள் தெருவில் பல வீடுகளில் மாட்டியிருந்த படங்கள் அப்படிப்பட்டவைதான். சின்ன வயதில் அந்தப் படங்களில் செத்தவர் யார் என்று கண்டுபிடிப்பது எங்களுக்கு விளையாட்டு. மற்றவர்கள் எல்லோரும் மிரண்டு போயிருப்பார்கள். நிம்மதியாக இருக்கிறவர்தான் செத்தவர்.

நைனாவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. உடம்பு கிடைக்கவில்லை.

ஐப்பசி மாதத்துப் புயல் ஒன்றில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த தோணி ஒன்று எங்கள் கரைக்கு நேரே உடைந்தது. அலை எழும்பிய எழும்பலில் கட்டுமரம் இறக்க முடியவில்லை. நைனா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப் போனார். ஒவ்வொருவராகத் தோளில் தொற்ற வைத்துக் கொண்டு வந்து கரையில் தள்ளினார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் சித்தப்பா. இன்னும் ஒரு ஆள் தோணியில் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, நைனா திரும்பிப் போனார். கயிறு மட்டும் வந்தது.

அப்படிக் கரையேறியவர்களில் ஒருவர்தான் ஞானமுத்து. அப்போது வேலை தேடி வந்த வாலிபர். எங்கள் கரையில் கட்டிய வேட்டியோடு விழுந்தவர், அதே கரையில் கருவாடு வாங்கி விற்று மண்டி வைத்தார். நன்றி மறக்காத மனிதர்தான். ஆனால் மேடை கிடைத்தால் கொஞ்சம் அதிகம் பேசுவார். ஒவ்வொரு கூட்டத்திலும் மார்பில் கையை வைத்து, "அந்த முகம் என் கண்ணுக்குள்ளயே நிக்கு" என்பார்.

சரி, அந்த முகம் எப்படி இருந்தது என்று படம் வரைகிறவர் கேட்டபோது, சிங்கம் மாதிரி என்றார். வரைகிறவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மாவின் பதில்கள்

அம்மாவிடம் நான் கேட்காத நாள் இல்லை. சின்ன வயதில் கேட்டபோது, உங்க நைனாவுக்குப் பெரிய மீசை என்றாள். பிறகு ஒரு முறை, மீசையே பிடிக்காது அந்தாளுக்கு என்றாள். ஒரு சமயம் கறுப்பு. இன்னொரு சமயம் மாநிறம். ஒரு தடவை ரொம்ப நச்சரித்தபோது, "ஆம்பளை மாதிரி இருந்தாரு. போ, போய்ப் படி" என்றாள்.

எனக்குக் கோபம் வரும். தன்னிடம் இருக்கிறதைப் பெற்ற பெண்ணுக்குக்கூடக் கிள்ளிக் கொடுக்க மாட்டேன் என்கிறாளே, இப்படியும் ஒரு கஞ்சத்தனமா என்று நினைத்துக்கொள்வேன். கண்ணாடி முன் நின்று எது அவளுடையது, எது அவருடையது என்று பிரித்துப் பார்ப்பேன். அம்மாவைப் போல இருப்பதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் நைனா என்று ஒரு கணக்கு. மூக்கு மிஞ்சியது. அந்த மூக்கோடுதான் நான் வளர்ந்தேன்.

ஊர் கூடி வரைந்த முகம்

கிடைக்காத படத்துக்கு ஏன் இத்தனை பாடு, ஏதாவது ஒரு நல்ல மீசைக்காரர் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று சபையில் ஒருவர் சொன்னார். நான் எழுந்து, அப்படியானால் உங்கள் அப்பா படத்தையும் மாற்றி வைத்து நாளைக்கு மாலை போடுங்கள் என்றேன். பெண்பிள்ளைக்கு வாய் நீளம் என்றார்கள். மீன்காரி மகளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்?

அப்போதுதான் வரைகிறவர் அந்த யோசனையைச் சொன்னார். அவர் பெயர் சாமுவேல். வேப்பேரிக்காரர். சித்திரப் பள்ளியில் படித்துவிட்டு, ஜாடிகளில் பூ வரைந்துகொண்டிருந்தார். ஒரு மனிதர் செத்தாலும் அவருடைய முகம் சொந்தக்காரர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போயிருக்கும், எல்லோரையும் கூட்டி வாருங்கள், ஆளுக்கொன்றாக வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மீன் பெட்டியில் உட்கார்ந்தோம்.

பங்கு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் சொந்தத்தில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். நைனாவின் அக்காவான என் அத்தை, கண் தன்னுடையதுதான் என்று ஒரே பிடியாக நின்றாள். நைனாவின் தம்பியான சித்தப்பா காதைக் கொடுத்தார். பிறகு நெற்றியும் தன்னுடையதே என்றார். அந்த வழுக்கை நெற்றி கோவிந்தனுக்கு வேண்டாம் என்று அத்தை தடுத்தாள். என் மூக்கைப் பார்த்து, அது அவள் அம்மா வீட்டு மூக்கு என்று அத்தை சொன்னதும் நான் பெட்டியை விட்டு எழுந்துவிட்டேன். மிச்சம் இருந்தது அது ஒன்றுதானே. சித்தப்பாதான் காப்பாற்றினார். "இல்லக்கா, அண்ணன் மூக்குதான். சளி புடிச்சா இப்டிதான் செவக்கும்" என்றார்.

வீதிக்கு அந்தப் பக்கம், பூவரச மரத்தடியில், வழக்கமான தன் இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒருமுறைகூட இந்தப் பக்கம் வரவில்லை. சாமுவேல் இரண்டு முறை ஆள் அனுப்பினார். மீன் கெட்டுவிடும் என்று பதில் வந்தது. கூடை காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

சூளைக்கு முந்தைய நாள்

படம் தயாராகிவிட்டது, வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பள்ளி விட்டதும் ஓடினேன். ரயிலைவிட நான் முன்னால் போய்விட வேண்டும் என்பது போல வண்டிக்குள்ளேயே கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

தொழிற்சாலையில் எங்கு பார்த்தாலும் நிலக்கரிப் புகையும் களிமண் ஈரமும். ஒரு கொட்டகையில் சாய்வுப் பலகை மேல் வெள்ளைக் கற்களை அடுக்கி அதில் நைனாவை வரைந்திருந்தார்கள். சுடுவதற்கு முன்னால் வர்ணங்கள் பார்க்க நன்றாக இருக்காது. கடல் சாம்பலாகக் கிடந்தது. நெருப்புக்குள் போய் வந்தால்தான் நீலம் என்றார் சாமுவேல். தொட்டால் மாவு போல ஒட்டிக்கொண்டு வந்துவிடும், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். நான் கட்டிக்கொண்டேன்.

பார்த்தேன்.

அத்தை மீசை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் சித்தப்பாவின் காது. நடுவில் என் மூக்கு. ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. சாமுவேலின் கையில் குற்றம் இல்லை. ஆனால் சேர்த்துப் பார்த்தால் யாரோ ஒருவர். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று சொல்லவும் முடியாது, பிள்ளையார் எப்படி இருப்பார் என்று தெரிந்தால்தானே அப்படிச் சொல்லலாம்.

சாமுவேலும் அதைத்தான் சொன்னார். "இவர்தானா இல்லையான்னு சொல்ல உங்க அம்மா ஒருத்தராலதான் முடியும். நாளைக்குச் சூளையில அடுக்கிடுவாங்க. அதுக்கப்புறம் நான் நினைச்சாலும் மாத்த முடியாது."

அன்று ராத்திரி வீட்டில் நான் அம்மாவோடு போட்ட சண்டையை எழுதினால் இந்த வாரம் போதாது. கடைசியில் நான் சொன்னது இதுதான். நீ தினமும் அந்தச் சுவருக்கு எதிரில்தான் உட்காரப் போகிறாய். சாகிற வரைக்கும் அதைத்தான் பார்க்கப் போகிறாய். யாரோ ஒருத்தனையா பார்த்துக்கொண்டிருப்பாய்?

அம்மா விடிந்ததும் முகம் கழுவி, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

குழாய் மேல் உட்கார்ந்து

அம்மா அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். சாமுவேல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெளியே சூளைக்காரர்கள் ஜாடிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. என்னால் நிற்க முடியவில்லை. கால் மாற்றினேன், விரலைச் சொடுக்கினேன், முந்தானையைத் திருகினேன்.

"யாரு இது?" என்றாள் அம்மா.

அவர் இல்லையா என்று சாமுவேல் கேட்டார். அம்மா வெளியே போனாள். முற்றத்தில் பெரிய சாக்கடைக் குழாய்கள் படுத்துக் கிடந்தன. ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னாலேயே போய், எது சரியில்லை, கண்ணா, மூக்கா, எதையாவது சொல்லித் தொலை என்று கத்தினேன்.

"எனக்கு இன்னாடி தெரியும்" என்றாள் அம்மா. "அந்தாளு மூஞ்சி எனக்கு மறந்து பூட்ச்சி."

கீழே கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினாள்.

"எப்போன்னு தெர்ல. ஒரு நாளு காலைல நெனச்சுப் பாத்தேன், வர்ல. மறாநாளும் வர்ல. அப்பால வரவே இல்ல. நீ வேற எப்டி இருந்தாரு, எப்டி இருந்தாருன்னு கேட்டுகினே இருந்தே. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

கல்யாணம் ஆகி இரண்டு வருஷம்கூட அவர்கள் சேர்ந்து வாழவில்லை. மாமியார் எதிரில் புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அப்போது இல்லை. அவர் இருட்டில் போய் இருட்டில் வருவார். கடலுக்குப் போகிறவனுக்கு எதிரே பெண்டாட்டி வந்து நிற்கக் கூடாது, பின்னால் நின்றுதான் அனுப்ப வேண்டும், கூப்பிட்டுத் திருப்பக் கூடாது என்று எங்கள் குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. அம்மா இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. கையில் இருந்த கரித்துண்டைப் பார்த்துக்கொண்டே தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னாள்.

எனக்கு அழுகை வந்தது. அவளைக் கஞ்சம் என்று நினைத்த வருஷங்கள் எல்லாம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன. இல்லாததை எங்கிருந்து கிள்ளிக் கொடுப்பாள்?

"முதுகைக் கேளு, சொல்றேன்" என்றாள் அம்மா.

சாமுவேல் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று உள்ளே போய்ப் பென்சிலும் காகிதமும் எடுத்து வந்தார்.

அம்மா எழுந்து என் தோளைப் பிடித்துத் திருப்பி நிற்க வைத்தாள். என் முதுகில் கரி படிந்த விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். இங்கே இடது தோள் ஒரு விரல்கடை இறங்கி இருக்கும். இங்கே துடுப்பு போட்டுப் போட்டுச் சதை திரண்டு கிடக்கும். வலைக் கயிறு இந்தத் தோளில்தான், அந்தத் தோளில் போட மாட்டார். இங்கே, நடுவில், திருக்கை வால் அடித்த தழும்பு, கோணலாக. பின்கழுத்தில் முடி சுழித்துக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கும். மணலில் நடக்கும்போது வலது காலை அகட்டி வைப்பார். தூரத்தில் பத்துப் பேர் போனாலும் அந்த முதுகை எனக்குத் தெரியும் என்றாள்.

வாழ்க்கையில் நான் அசையாமல் நின்றது அன்றைக்குத்தான். ரவிக்கை முழுக்கக் கரி.

மண்டியில் ஒரு வாக்குவாதம்

சாமுவேல் முகத்தை அழித்துவிட்டார். ஈரத் துணியால் ஒரு துடைப்பு. அத்தையும் சித்தப்பாவும் நானும் போய்விட்டோம். சூளையில் நாலாவது படத்துக்கு மட்டும் இடம் விட்டு, மறுநாள் சாயந்தரம் வரை காத்திருக்கச் சூளைக்காரரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். ஆனால் தலைவர் சம்மதிக்க வேண்டும்.

கருவாட்டு மண்டியில் தலைவர் வாளைக் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டதும் தராசை இறக்கி வைத்தார். திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய துரை வருகிறார், அவருக்கு முன்னால் ஒரு வீரனுடைய முதுகைக் காட்டுவதா, புறமுதுகு காட்டியவன் என்று ஊர் சிரிக்காதா என்று கேட்டார். முகம்தான் வேண்டும், எந்த முகமானாலும் சரி என்றார்.

எனக்குப் பொறுமை ஒரு நாளும் கிடையாது. உங்கள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறதே, அந்த முகத்தைச் சொல்லுங்கள், அதையே வரையச் சொல்கிறேன் என்றேன். சிங்கம் மாதிரி என்று ஆரம்பித்தார். சிங்கம் வேண்டாம், மீசை இருந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

தலைவர் மண்டியில் இருந்த ஆட்களைப் பார்த்தார். அவர்களை வெளியே போகச் சொன்னார்.

"பொய் சொல்லணும்னு சொல்லலம்மா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "கண்ணு பூரா உப்புத் தண்ணி. பின்னாலருந்து அவர் தோளைக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன், அவ்வளவுதான். கரையில என்னைத் தள்ளிட்டு உடனே திரும்பிட்டாரு. ஏறிட்டுப் பாக்கையில முதுகுதான் தெரிஞ்சுது. கும்பிடக்கூட இல்ல நான்."

தராசை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, அந்தத் தழும்பைச் சாமுவேலுக்குச் சொன்னீர்களா, தொற்றிக் கிடந்தபோது என் மார்பில் நெருடிக்கொண்டே இருந்தது என்றார்.

திறப்பு விழா

விழாவன்று தோரணம், நாதஸ்வரம், துரைக்கு மாலை. வஸ்தாதின் மார்பு பீங்கானில் பளபளத்தது. டாக்டரம்மாவின் கன்னத்தில் சூளை ஒரு சின்ன வெடிப்பு போட்டிருந்தது. தலைவரின் படம் அவரைவிடச் சிவப்பாக வந்திருந்ததில் அவருக்கு ரகசியமாகச் சந்தோஷம்.

நாலாவது திரையை விலக்கினார்கள். இறங்கிய இடது தோள், வலது தோளில் கயிறு, கோணல் தழும்பு. சாம்பலாகக் கிடந்த கடல் நெருப்புக்குள் போய் அப்படி ஒரு நீலமாக வந்திருந்தது. ஒரு ஆள் நமக்கு முதுகைக் காட்டி அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

பின்னால் கட்டுமரக்காரர்கள் நின்றிருந்த பக்கத்திலிருந்து ஒருவர், "அட, கோய்ந்தன்" என்றார். அவ்வளவுதான். அத்தனை பேரும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கட்டுமரத்தில் நைனாவுக்குப் பின்னால் மண்டி போட்டுத் துடுப்பு வலித்தே வளர்ந்த சித்தப்பா, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இவர் மட்டும் ஏன் திரும்பி நிற்கிறார் என்று துரை கேட்டாராம். தலைவர் சொன்னாராம், இன்னும் ஒருத்தன் தோணியில் இருக்கிறான், அதனால் திரும்பிப் போகிறார் என்று. அந்தப் பதிலுக்காக அவர் மேடையில் பேசிய மற்ற எல்லாவற்றையும் நான் மன்னித்துவிட்டேன்.

கூட்டம் கலைந்தது. எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்கே அவரைத் தெரிந்துவிட்டது. எனக்கு ஒரு முதுகு கிடைத்தது. நான் கேட்டது முகம். சுவருக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தேன். சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் என் புத்தி போன போக்கை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் நான். சுவர் ஒரு முழக் கனம்கூட இல்லாத செங்கல் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கால் நிற்கவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றால், அந்தப் பக்கம் போனால் என்ன?

வாசல் வழியாக மார்க்கெட்டுக்குள் நுழைந்து, உடைந்த கூடைகளையும் செதில் குவியலையும் தாண்டி, சுவரின் பின்பக்கத்துக்குப் போனேன். பூசாத செங்கல். அங்கங்கே வழிந்து காய்ந்த சுண்ணாம்பு.

அங்கே அம்மா நின்றிருந்தாள்.

விழாவுக்குக் கட்டிய புடவையோடு, செதிலில் வெறுங்காலை வைத்து, நைனா நிற்கும் இடத்துக்கு நேராக, தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். கால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். என்னைக் கண்டதும் நகர்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.

"வா" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெர்ல. உன் கண்ணுக்கு எதுனா தெரியுதா, பாரு."